கிரீன் கார்டு மனுவை நிறுவனம் தள்ளிப்போடும்போது: ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: நான் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தவன். பி.எஸ்சி., எம்.சி.ஏ. முடித்துச் சென்னையில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பிறகு 2021 நவம்பர் 15 அன்று எச்-1பி வேலை விசாவில் டாலஸ் வந்து, இங்குள்ள ஒரு நடுத்தர மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். ஓராண்டு முடிந்ததும் கிரீன் கார்டு வேலையைத் தொடங்குவோம் என்று ஆஃபர் லெட்டரிலேயே எழுதியிருந்தார்கள். முதலில் ஆள்குறைப்பைக் காரணம் சொன்னார்கள். பிறகு பதவி உயர்வு கொடுத்துவிட்டு, புதிய பதவிக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றார்கள். கடந்த எட்டு மாதமாக "வக்கீலிடம் இருக்கிறது" என்பதே பதில். போன வாரம் மேலாளர், வக்கீல் செலவை நான் ஏற்றுக்கொண்டால் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று சொன்னார். என் மனைவி எம்.எஸ்சி., பி.எட். படித்தவர், எச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கிறார். மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு முறை ஊருக்குப் போனதில் 40 நாட்கள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்திருக்கிறேன். மாமனார் நெடுங்காலம் மஸ்கட்டில் வேலை பார்த்தவர். அங்கே வந்துவிடச் சொல்கிறார். நான் இன்னும் காத்திருக்கலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

காத்திருக்கலாமா என்ற கேள்விக்கு விடை, உங்கள் நிறுவனத்தின் நல்லெண்ணத்தைவிட நாள்காட்டியைத்தான் அதிகம் சார்ந்திருக்கிறது. எனவே முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். எச்-1பி நிலையில் ஒருவர் பொதுவாக ஆறு ஆண்டுகள் இருக்கலாம். உங்களுக்கு அது 2027 நவம்பர் 14 அன்று முடிகிறது. அமெரிக்காவுக்கு வெளியே கழித்த முழு நாட்களை அந்த ஆறாண்டில் சேர்க்காமல் திரும்பக் கேட்டுப் பெறலாம் என்பதால், உங்கள் 40 நாட்களைக் கூட்டினால் 2027 டிசம்பர் 24 வரை வருகிறது. அந்த நாட்கள் தாமாகச் சேர்ந்துவிடா. நீட்டிப்பு மனுவோடு பாஸ்போர்ட் முத்திரைகளையும் பயணச் சீட்டுகளையும் ஐ-94 என்ற அமெரிக்க வருகைப் பதிவின் பயண வரலாற்றையும் இணைத்துக் கேட்டால்தான் கிடைக்கும்.

ஆனால் உங்களுக்கு உண்மையான கெடு 2027 டிசம்பர் அல்ல, 2026 டிசம்பர். ஆறாண்டுக்கு மேல் எச்-1பியை நீட்டிப்பதற்கு 2000-ஆம் ஆண்டின் சட்டம் இரண்டு வழிகளைத் தருகிறது. ஐ-140 மனு, அதாவது ஊழியருக்குக் கிரீன் கார்டு கேட்டு நிறுவனம் குடியேற்றத் துறையிடம் செய்யும் மனு, அங்கீகரிக்கப்பட்டு, நாட்டு ஒதுக்கீட்டினால் கிரீன் கார்டுக்கான விசா எண் கிடைக்காமல் இருப்பவருக்கு மூன்று மூன்று ஆண்டுகளாக நீட்டிப்புக் கிடைக்கும். அந்த அங்கீகாரம் இன்னும் வராதவருக்கு, அவருடைய பெர்ம் விண்ணப்பமோ (அந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்க ஊழியர் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையிடம் சான்று கேட்டு, ஐ-140க்கு முன் நிறுவனம் செய்வது) ஐ-140 மனுவோ தாக்கலாகி 365 நாட்கள் கடந்திருந்தால், ஓராண்டு ஓராண்டாக நீட்டிப்புக் கிடைக்கும். பெர்ம் விண்ணப்பத்தைத் தொழிலாளர் துறை பரிசீலித்து முடிக்கவே அண்மைக் காலத்தில் ஓராண்டுக்கு மேல் ஆகிவருவதால், 2027 டிசம்பருக்குள் உங்கள் ஐ-140 அங்கீகாரம் கைக்கு வந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே உங்களைக் காப்பாற்றக்கூடியது அந்த 365 நாள் விதிதான். அதன்படி, உங்கள் பெர்ம் விண்ணப்பம் 2026 டிசம்பர் மூன்றாம் வாரத்துக்குள் தாக்கலாகியிருக்க வேண்டும்.

பெர்ம் என்பது ஒரே நாளில் நிரப்பி அனுப்பும் படிவமாக இருந்தால், இந்தப் பதிலை எழுதும் 2026 பிப்ரவரியில் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அதற்கு முன்னால் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. அந்த வேலைக்கு அந்த ஊரில் நிலவும் சம்பளம் எவ்வளவு என்று தொழிலாளர் துறையிடம் நிறுவனம் கேட்டுப் பெற வேண்டும். இதற்கு அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ அரையாண்டு ஆகியிருக்கிறது. பிறகு ஆள் தேடும் கட்டம். மாநில வேலைவாய்ப்பு அமைப்பில், உங்கள் விஷயத்தில் டெக்சஸ் அமைப்பில், 30 நாட்கள் விளம்பரம் இருக்க வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நாளிதழ் விளம்பரம் வர வேண்டும். அவற்றோடு வேறு மூன்று வகை விளம்பரங்களும், அலுவலகத்தில் பத்து வேலை நாட்கள் ஒட்டப்படும் அறிவிப்பும் தேவை. மாநில விளம்பரம் முடிந்த பின் இன்னும் 30 நாட்கள் பொறுத்துத்தான் தாக்கல் செய்ய முடியும். ஆக, எல்லாம் சரியாக நடந்தாலும் இந்தக் கட்டத்துக்குக் குறைந்தது இரண்டு மாதம். அரையாண்டும் இரண்டு மாதமும் சேர்த்து, எதிர்பாராத தாமதத்துக்குச் சிறிது இடமும் விட்டால், டிசம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணும்போது மார்ச் மாதம் வந்து நிற்கிறது. சம்பள நிர்ணய மனு மார்ச்சுக்குள் போகாவிட்டால் உங்கள் நிறுவனம் வழியாக இந்தக் கெடுவைப் பிடிப்பது கடினம். சம்பள நிர்ணயம் வருவதற்குள்ளாகவே சில விளம்பரங்களைத் தொடங்கிவிட விதியில் இடம் உண்டு. விரைந்து செயல்படும் வழக்கறிஞர்கள் அப்படிச் செய்து சில வாரங்களை மிச்சப்படுத்துவார்கள். எட்டு மாதமாக ஒன்றையும் காட்டாத நிறுவனம் அந்த வேகத்தைக் கடைசி நேரத்தில் காட்டும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

நீங்கள் எதற்காகப் போராடுகிறீர்கள் என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இரண்டாம் பிரிவு (முதுநிலைப் பட்டம் கேட்கும் வேலைகள்), மூன்றாம் பிரிவு (இளநிலைப் பட்டம் போன்ற தகுதி கேட்கும் வேலைகள்) வேலைவாய்ப்பு கிரீன் கார்டு வரிசை 2026 தொடக்கத்தில் 2013-ஆம் ஆண்டுத் தேதிகளில்தான் நகர்ந்துகொண்டிருந்தது. ஆண்டுக்கு 1,40,000 என்ற மொத்த எண்ணிக்கையும், எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பும் மாறாதவரை, இன்று விண்ணப்பிப்பவர் எப்போது கார்டைக் கையில் வாங்குவார் என்று பொறுப்புள்ள எந்த வழக்கறிஞரும் உறுதி சொல்ல முடியாது. "எப்படியும் பல ஆண்டு ஆகும், ஒரு வருடம் தாமதமானால் என்ன?" என்று மேலாளர்கள் சொல்வது இதனால்தான். இந்த வாதத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு உடனடியாகத் தேவைப்படுவது ஐ-140 அங்கீகாரம். அது வந்துவிட்டால் எச்-1பி மூன்றாண்டுகளாக நீள்கிறது. உங்கள் மனைவி வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறுகிறார். 2015 மே முதல் நடைமுறையில் இருக்கும் விதி அது. உங்கள் பிரையாரிட்டி தேதி, அதாவது பெர்ம் தாக்கலான நாள், உங்களுடையதாகிவிடுகிறது. நாளை வேறு நிறுவனம் புதிதாக மனுச் செய்தாலும் பழைய தேதியை எடுத்துச் செல்லலாம். அங்கீகாரம் கிடைத்து 180 நாட்கள் கடந்துவிட்டால், நீங்கள் வேலையை விட்ட பின் நிறுவனம் மனுவைத் திரும்பப் பெற்றாலும், அந்தக் காரணத்துக்காக மட்டும் அங்கீகாரம் ரத்தாகாது. மோசடி, தவறான தகவல் போன்ற காரணங்களுக்காக அரசே ரத்துச் செய்தால் மட்டும் நிலைமை வேறு.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஆள்குறைப்பு. எச்-1பியில் இருப்பவர் வேலையை இழந்தால் அதிகபட்சம் 60 நாட்கள் அவகாசம். ஐ-140 உள்ளவர் அந்த 60 நாட்களில் வேலை தேடும்போது, புதிய நிறுவனம் ஆறாண்டு வரம்பைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. ஐ-140 இல்லாமல் ஆறாம் ஆண்டில் இருப்பவரை எடுக்க நிறுவனங்கள் தயங்குகின்றன. ஒரு வருடத் தாமதம் உங்கள் குடும்பத்தை வைக்கும் இடம் அதுதான்.

இங்கே, நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்க வேண்டியிருக்கிறது. மாமனார் நெடுங்காலம் மஸ்கட்டில் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவி எங்கே பிறந்தார்? கிரீன் கார்டு வரிசையில் நாட்டைத் தீர்மானிப்பது குடியுரிமை அல்ல, பிறந்த இடம். கணவன் மனைவி இருவரில் ஒருவர் பிறந்த நாட்டின் கணக்கில் மற்றவரும் சேர்ந்துகொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. மனைவி ஓமானில் பிறந்திருந்தால், அவருடைய பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்டாக இருந்தாலும், நீங்கள் இருவரும் ஓமான் கணக்கில் நிற்கலாம். அந்த வரிசைக்கும் காத்திருப்பு உண்டு, ஆனால் இந்திய வரிசையோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களும், இலங்கையில் பிறந்தவரை மணந்தவர்களும் இந்த விதியைத் தெரியாமலேயே பல ஆண்டுகள் இந்திய வரிசையில் நிற்பதைக் காண்கிறோம். மனைவியின் பிறப்புச் சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள். அதில் மஸ்கட் என்று இருந்தால், நிறுவனம் வீணாக்கும் ஒவ்வொரு மாதமும் உங்கள் கார்டையே ஒரு மாதம் தள்ளுகிறது. அப்படியானால் நான் கீழே சொல்லும் கெடுக்களை இன்னும் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நிறுவனத்தைப் பற்றி. கசப்பான உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஊழியருக்குக் கிரீன் கார்டு மனுச் செய்யும்படி எந்த நிறுவனத்தையும் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆஃபர் லெட்டரில் "தொடங்குவோம்" என்று இருந்தாலும், அதே கடிதத்தில் "நிறுவனத்தின் விருப்புரிமைக்கு உட்பட்டு" என்ற தொடரோ, எந்த நேரத்திலும் எந்தத் தரப்பும் வேலையை முடித்துக்கொள்ளலாம் என்ற விதியோ பெரும்பாலும் இருக்கும். உங்கள் கடிதத்தில் அவை இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், ஒப்பந்த மீறல் என்று வழக்குப் போட்டால் அது முடிவதற்குள் உங்கள் ஆறாண்டு முடிந்துவிடும். அந்த வாக்குறுதியை வழக்குக்கான ஆயுதமாகப் பார்க்க வேண்டாம். பேச்சுவார்த்தையில் எடுத்துக்காட்டும் சான்றாக மட்டும் பயன்படுத்துங்கள்.

அவர்கள் சொன்ன காரணங்கள் முழுக்கப் பொய் என்றும் நான் கருதவில்லை. பெர்ம் தாக்கல் செய்வதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள், அதே பகுதியில் அதே வகை வேலையிலோ அதையொட்டிய வேலையிலோ இருந்தவர்களை நிறுவனம் நீக்கியிருந்தால், அந்த முன்னாள் ஊழியர்களுக்கு இந்த வேலையைப் பற்றித் தெரிவித்து அவர்களைப் பரிசீலித்திருக்க வேண்டும். அதனால்தான் ஆள்குறைப்புக்குப் பின் பல நிறுவனங்கள் பெர்ம் வேலையையே நிறுத்திவைக்கின்றன. பதவி உயர்வும் உண்மையான சிக்கல்தான். பெர்ம் என்பது குறிப்பிட்ட வேலைக்கும் குறிப்பிட்ட இடத்துக்கும் உரியது; பொறுப்புகள் கணிசமாக மாறினால் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். வெளியே சொல்லாத காரணங்களும் இருக்கலாம். நிர்ணயமாகும் சம்பளம் இப்போது தருவதைவிட அதிகமாக வரும் என்ற அச்சம் ஒன்று. பிரையாரிட்டி தேதியிலிருந்து அந்தச் சம்பளத்தைத் தரும் வல்லமை தனக்கு உண்டு என்று வரிக் கணக்குகளைக் கொண்டு நிரூபிக்க வேண்டுமே என்ற தயக்கம் இன்னொன்று. தாமதித்தால் ஊழியர் வேறிடம் போகமாட்டார் என்ற எண்ணம் உள்ள நிறுவனங்களும் இருக்கின்றன. உங்கள் நிறுவனம் அப்படித்தானா என்பதைக் கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. ஆனால் உண்மையான காரணத்துக்கு ஒரு முடிவுத் தேதி இருக்கும். கடைசி ஆள்குறைப்பு எந்த மாதம் நடந்தது, ஆறு மாதம் எப்போது முடிகிறது என்று ஹெச்ஆரிடம் கேட்டால் பதில் வர வேண்டும். தேதியே சொல்ல முடியாத காரணத்தைக் காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"வக்கீலிடம் இருக்கிறது" என்ற பதிலைச் சோதிக்க எளிய வழி உண்டு. சம்பள நிர்ணய மனு தொழிலாளர் துறையின் இணையதளம் வழியாகத் தாக்கலானதும் அதற்கு ஒரு வழக்கு எண் கிடைக்கும். அது பி-100 என்று தொடங்கும். அந்த எண் இருந்தால் அதன் நிலையை நீங்களே அந்த இணையதளத்தில் பார்க்கலாம். ஆகவே ஹெச்ஆரிடம் "எந்த அளவில் இருக்கிறது?" என்று கேட்காமல், "சம்பள நிர்ணய மனுவின் வழக்கு எண் என்ன, எந்தத் தேதியில் தாக்கலானது?" என்று கேளுங்கள். எண் வந்தால் நிம்மதி. வராவிட்டால் வேலை தொடங்கவே இல்லை என்று பொருள். மேலும், எந்தெந்த நிறுவனங்கள் பெர்ம் தாக்கல் செய்திருக்கின்றன என்ற விவரத் தொகுப்பைத் தொழிலாளர் துறை அவ்வப்போது பொதுவில் வெளியிடுகிறது. உங்கள் நிறுவனம் கடந்த இரண்டு ஆண்டுகளில் மற்றவர்களுக்காவது தாக்கல் செய்திருக்கிறதா என்று அதில் தேடிப் பாருங்கள். ஒருவருக்கும் செய்யவில்லை என்றால், தடை உங்கள் கோப்பில் இல்லை, நிறுவனத்தின் முடிவிலேயே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மேலாளர் கேட்ட பணத்தைக் கொடுக்காதீர்கள். பெர்ம் கட்டத்துக்கான வழக்கறிஞர் கட்டணம், விளம்பரச் செலவு உட்பட அனைத்தையும் நிறுவனமே ஏற்க வேண்டும் என்பது 2007 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள கூட்டாட்சி விதி. ஊழியர் நேரடியாகக் கொடுப்பது, சம்பளத்தில் பிடிப்பது, வேலையை விட்டுப் போனால் திருப்பித் தரவேண்டும் என்று எழுதி வாங்குவது ஆகிய எதற்கும் இடமில்லை. இதை மீறியது தெரியவந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம், கொடுத்த சான்று திரும்பப் பெறப்படலாம், நிறுவனம் சில ஆண்டுகள் பெர்ம் தாக்கல் செய்யவே தடை விதிக்கப்படலாம். அதாவது, விரைவுபடுத்துவதற்காக நீங்கள் கொடுக்கும் பணமே பிற்காலத்தில் உங்கள் மனுவைக் குலைத்துவிடலாம். இதை மேலாளரிடம் சண்டையாகச் சொல்ல வேண்டாம். "பெர்ம் செலவை ஊழியர் ஏற்க விதி அனுமதிப்பதில்லை என்று அறிந்தேன், அது நம் இருவரின் மனுவையும் பாதிக்கும்" என்று மரியாதையாக எழுதிவிடுங்கள். ஐ-140 கட்டத்துக்கு இந்தத் தடை இல்லை. அந்த மனுவுக்கு 15 வேலை நாட்களில் முடிவு கிடைக்கச் செய்யும் ப்ரீமியம் கட்டணத்தை, நிறுவனம் மறுத்தால் நீங்களே கட்ட முன்வரலாம். நீங்கள் பணம் செலவிட விரும்பினால் அதற்கு உரிய இடம் அந்தக் கட்டம்தான்.

நிறுவனத்திடம் கேட்பதற்கு முன், தாமதத்துக்கு உங்கள் பக்கத்தில் காரணம் எதுவும் இல்லாதபடி செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் கோப்புகள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தேங்குகின்றன. ஒன்று கல்வி. மூன்றாண்டு பி.எஸ்சி. பட்டம் மட்டும் இருந்தால் அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்கு இணையாக ஏற்கப்படுவதில் சிக்கல் வரும். அதன்மேல் நீங்கள் படித்த எம்.சி.ஏ. இருப்பதால் மதிப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக முதுநிலைப் பட்டத்துக்கு இணையாக மதிப்பிடுகின்றன. இரண்டாம் பிரிவில் விண்ணப்பிக்க அது வழி திறக்கும். இரு பட்டங்களின் சான்றிதழ்களும் எல்லாப் பருவங்களின் மதிப்பெண் பட்டியல்களும் வேண்டும். தற்காலிகச் சான்றிதழோடு நின்றுவிட்டிருந்தால், பல்கலைக்கழகத்திலிருந்து நிரந்தரப் பட்டச் சான்றிதழை வாங்க ஊரிலிருக்கும் ஒருவரை இப்போதே அனுப்புங்கள்.

மற்றது அனுபவச் சான்று, இதில்தான் மாதங்கள் கரைகின்றன. சென்னை நிறுவனங்கள் விலகும்போது தரும் கடிதத்தில் பெரும்பாலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி ஆகிய மூன்றும் மட்டுமே இருக்கும். அது போதாது. நிறுவனத்தின் முகப்புத் தாளில், முழு நேர வேலை என்றும், என்னென்ன பணிகள் செய்தீர்கள், எந்தெந்த மென்பொருள்களையும் தொழில்நுட்பங்களையும் பயன்படுத்தினீர்கள் என்றும் விவரமாக எழுதி, பொறுப்பில் உள்ளவர் கையெழுத்திட்ட கடிதம் தேவை. பெர்ம் விண்ணப்பத்தில் கேட்கும் திறன் ஒவ்வொன்றையும் தாக்கலாகும் நாளுக்கு முன்பே நீங்கள் பெற்றிருந்தீர்கள் என்று இந்தக் கடிதங்கள்தான் காட்ட வேண்டும். இப்போதைய நிறுவனத்தில் பெற்ற அனுபவத்தை அதே நிறுவனத்தின் மனுவில் பொதுவாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது என்பதால், உங்கள் சென்னை எட்டாண்டுதான் இந்த மனுவின் அடித்தளம். பழைய நிறுவனம் மூடப்பட்டிருந்தாலோ விவரக் கடிதம் தர மறுத்தாலோ, அங்கே உங்களோடு பணியாற்றிய மேலாளரிடமோ சக ஊழியரிடமோ உறுதிமொழிப் பத்திரம் பெற்று, சம்பளச் சீட்டு, படிவம் 16, நியமனக் கடிதம் போன்றவற்றோடு இணைக்கலாம். எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி நிறுவனத்துக்கும் வழக்கறிஞருக்கும் அனுப்பி, கிடைத்தது என்ற பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு "உங்கள் ஆவணங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம்" என்று சொல்ல அவர்களுக்கு வாய்ப்பிருக்காது.

அதன்பின் மேலாளர், ஹெச்ஆர் இருவருக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். வருத்தமோ குற்றச்சாட்டோ அதில் வேண்டாம். என் எச்-1பி வரம்பு இந்தத் தேதியில் முடிகிறது, அதற்கு மேல் நான் இங்கே தொடர்ந்து வேலை செய்யப் பெர்ம் விண்ணப்பம் 2026 டிசம்பருக்குள் தாக்கலாக வேண்டும், அதற்குச் சம்பள நிர்ணய மனு மார்ச்சுக்குள் போக வேண்டும், அந்த எண்ணைத் தெரிவிக்க முடியுமா என்று நான்கைந்து வாக்கியங்களில் முடித்துவிடுங்கள். பல நிறுவனங்களில் ஹெச்ஆருக்கு இந்தக் கணக்கே தெரியாது. ஒரு நல்ல ஊழியரை 2027-இல் சட்டப்படியே இழக்கப்போகிறோம் என்று தேதியோடு பார்த்த பிறகுதான் சிலர் அசைகிறார்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டுங்கள். மார்ச் இறுதிக்குள் எண் வராவிட்டால், அவர்களுடைய முடிவு என்னவென்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

வேலை தேடுவதை அதுவரை ஒத்திவைக்காதீர்கள், இந்த வாரமே தொடங்குங்கள். இதில் துரோகம் எதுவும் இல்லை. நான்கு ஆண்டுகள் வாக்குறுதியை நம்பி உழைத்திருக்கிறீர்கள். குடும்பத்தைக் காக்கும் கடமை உங்களுக்கு இருக்கிறது. இன்று உங்கள் எச்-1பியில் ஏறக்குறைய இருபத்திரண்டு மாதம் மீதம் இருப்பதால், புதிய நிறுவனத்துக்கு உங்களை எடுத்து, பெர்மை உரிய காலத்தில் தாக்கல் செய்ய முடியும். இந்த மீதம் குறையக் குறைய உங்களை ஏற்கும் நிறுவனங்களும் குறையும். மே மாதத்துக்குள் புதிய ஆஃபர் கையில் இருந்தால் டிசம்பர் கெடு நெருக்கடியோடாவது எட்டக்கூடியதே. அதற்குப் பிறகு 365 நாள் விதியை நம்ப முடியாத நிலை வரும்.

புதிய நிறுவனத்திடம் சம்பளத்தைவிட அதிகமாக இதைப் பேசுங்கள். பெர்ம் என்பது எதிர்கால வேலைக்கான விண்ணப்பம் என்பதால் நீங்கள் சேரும் முன்பே சம்பள நிர்ணய மனுவை அவர்கள் தொடங்கலாம். அதற்கு அவர்கள் தயாரா? அந்தப் பகுதியில் உங்கள் வகை வேலையில் கடந்த ஆறு மாதத்தில் ஆள்குறைப்பு நடந்திருக்கிறதா? "கொள்கைப்படி செய்வோம்" என்ற வாசகத்துக்குப் பதிலாக, சேர்ந்து எத்தனை நாட்களுக்குள் தொடங்குவார்கள் என்று ஆஃபர் லெட்டரில் எழுதித் தருவார்களா? முன்பே சொன்னபடி அதுவும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாக இராமல் போகலாம், எனினும் நாளை மனுச் செய்ய மறுக்கக்கூடிய நிறுவனத்தை இன்றே அடையாளம் காண அது உதவும். மாறுவதில் உங்களுக்கு ஒரு நன்மையும் இருக்கிறது: இப்போதைய நிறுவனத்தில் பெற்ற நான்காண்டு அனுபவம் புதிய நிறுவனத்தின் மனுவில் முழுமையாகக் கணக்கில் வரும். ஆகவே விலகும் முன், உறவு நல்லபடியாக இருக்கும்போதே, பணி விவரங்களோடு கூடிய அனுபவக் கடிதத்தை இங்கேயும் வாங்கிவிடுங்கள். அமெரிக்காவுக்குள் முறையான நிலையில் இருந்தபடி நிறுவனம் மாறும்போது, புதிய மனு தாக்கலானதுமே அங்கே வேலையில் சேரச் சட்டம் அனுமதிக்கிறது. மனு அங்கீகரிக்கப்படும்வரை காத்திருப்பது பாதுகாப்பானது. இயன்றால் அப்படியே செய்யுங்கள்.

நிறுவனமே தேவைப்படாத ஒரு வழியும் உண்டு: தேசிய நலனை முன்னிட்டு, பெர்ம் இல்லாமல், நீங்களே தாக்கல் செய்யும் இரண்டாம் பிரிவு ஐ-140. அது அங்கீகரிக்கப்பட்டால் மூன்றாண்டு நீட்டிப்பும் மனைவியின் வேலை அனுமதிக்கான தகுதியும் அதே போலக் கிடைக்கும். உங்கள் பணி ஒரு நிறுவனத்தைத் தாண்டி நாட்டுக்கே முக்கியமானது என்று காட்ட வேண்டும். அண்மை ஆண்டுகளில் இந்த மனுக்கள் அங்கீகரிக்கப்படும் விகிதம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. "கண்டிப்பாகக் கிடைக்கும்" என்று விளம்பரம் செய்து பெருந்தொகை வாங்குவோரிடம் எச்சரிக்கையாக இருங்கள். உங்கள் கடிதத்தில் உள்ளதை வைத்துப் பார்த்தால் இதை முதல் வழியாக நான் பரிந்துரைக்க மாட்டேன். டிசம்பர் கெடு தவறிப்போனால் கையில் இருக்க வேண்டிய இரண்டாம் வழியாக இப்போதே ஆராயலாம். உங்கள் மனைவி தம் தகுதிக்கேற்ற வேலையின் வழியாகத் தாமே எச்-1பி பெற்றால், நீங்கள் எச்-4க்கு மாறி நாட்டிலேயே இருக்க முடியும். எச்-4இல் இருக்கும் காலம் உங்கள் ஆறாண்டில் சேராது. புதிதாக எச்-1பி பெறுவோரைத் தேர்ந்தெடுக்கும் லாட்டரிக்கான பதிவு மார்ச்சில் நடப்பதால், அப்படி ஒரு நிறுவனம் கிடைத்தால் தாமதிக்க வேண்டாம்.

மஸ்கட்டுக்கோ ஊருக்கோ போய்விட்டு ஓராண்டு கழித்துத் திரும்பலாம் என்ற எண்ணத்தைக் குறித்து மட்டும் எச்சரிக்கிறேன். ஓராண்டு வெளியே இருந்தால் புதிய ஆறாண்டு கிடைக்கும் என்பது உண்மை. அதற்கு மறுபடியும் லாட்டரியில் தேர்வாக வேண்டும். அதோடு, 2025 செப்டம்பரில் வெளியான அதிபர் பிரகடனத்தின்படி, வெளிநாட்டில் இருப்பவருக்காகத் தாக்கலாகும் புதிய எச்-1பி மனுவுக்கு நிறுவனம் 1,00,000 டாலர் கட்ட வேண்டிய நிலை இருக்கிறது. முன்பெல்லாம் 365 நாளில் சில வாரங்கள் குறையும்போது, அந்த வாரங்களை வெளிநாட்டில் கழித்துவிட்டு வரும்படி வழக்கறிஞர்கள் இயல்பாகச் சொல்வார்கள். இன்று அந்த யோசனைகூட ஆபத்தானது. உங்களுக்குரிய எல்லா மாற்றங்களும் அமெரிக்காவுக்குள் இருந்தபடியே நடக்குமாறு திட்டமிடுங்கள்.

நிறுவனத்தின் வழக்கறிஞர் உங்கள் பெயரில் மனுவைத் தயாரித்தாலும், கட்டணமும் அறிவுறுத்தலும் நிறுவனத்திடமிருந்தே அவருக்கு வருகின்றன. அதனால், மேலே சொன்ன முடிவுகளை எடுக்கும் முன் உங்களுக்கென்று தனியாக ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரமாவது பேசுங்கள். போகும்போது இதுவரை கிடைத்த எச்-1பி ஒப்புதல் ஆணைகள் அனைத்தும், ஐ-94 பயண வரலாறு, ஆஃபர் லெட்டர், பதவி உயர்வுக் கடிதம், பட்டச் சான்றிதழ்கள், மனைவியின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நான் போட்ட தேதிக் கணக்கை அந்த ஆவணங்களோடு ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்; நீங்கள் எழுதிய வருகைத் தேதியில் ஒரு வாரம் முன்பின் இருந்தாலும் டிசம்பர் கெடுவும் அதே அளவுக்கு நகரும்.